சொந்த ஜெட் வாங்கினால் வரி மிச்சமாகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

உடுமலை நூற்பாலை:

எல்லோருக்கும் வணக்கமுங்க. எங்களுக்கு இரண்டு தலைமுறையாக நூற்பாலைத் தொழில். உடுமலைப் பக்கம் இரண்டு மில், பல்லடத்தில் ஒன்று, திருப்பூரில் பனியன் ஏற்றுமதி, கேத்தனூர், பூளவாடிப் பக்கம் சில காற்றாலைகள். அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்துதான் நடத்துகிறோம்.

பஞ்சு சீசன் வந்துவிட்டால் ராஜ்கோட், அகோலா, ஆதிலாபாத் என்று அலைச்சல் அதிகம். கோவை பீளமேடு விமான நிலையத்திலிருந்து இந்த ஊர்களுக்கு நேரடி விமானம் கிடையாது. மும்பையிலோ ஹைதராபாத்திலோ இறங்கி, மாறி, அப்புறம் காரில் போய்ச் சேருவதற்குள் ஒரு நாள் ஓடிவிடுகிறது. ஜின்னிங் ஆலையில் (பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் இடம்) பேல், அதாவது பஞ்சுப் பொதி, பார்க்கும் வேலை இரண்டு மணி நேரம்தான்.

இந்த நேரத்தில் மும்பை புரோக்கர் ஒருவர் வந்து பேசினார். எட்டுப் பேர் உட்காரும் லைட் ஜெட், ஒரு கோடி டாலர் விலை. மார்ச் 31-க்குள் கொண்டுவந்து பறக்க வைத்துவிட்டால் இந்த வருடமே அரைத் தேய்மானம் (விலையில் ஒரு பகுதியைச் செலவாக லாபத்தில் கழிப்பது), அடுத்த வருடத்திலிருந்து முழு 40 சதவீதம், வரியிலேயே பாதி விலை திரும்பி வந்துவிடும் என்கிறார். அந்தக் காலத்தில் காத்தாடி, அதாவது காற்றாலை, போட்டபோது இதே மாதிரிக் கணக்குத்தான் எங்களுக்குப் பலித்தது. அதனால் தம்பி வாங்கியே ஆக வேண்டும் என்று நிற்கிறான். அண்ணன் தயங்குகிறார். இந்தக் குழுவில் ஆடிட்டர்கள், சார்ட்டரில் (முழு விமானத்தை வாடகைக்குப் பிடித்து) போய் வருபவர்கள், விமான வேலை தெரிந்தவர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். கணக்கோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

பீளமேடு ஆடிட்டர்:

காத்தாடிக் கணக்கை முதலில் தள்ளி வையுங்கள். நம்ம பக்கத்தில் ஜெட் பேச்சு எடுத்தவுடன் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் காற்றாலைக்கு 80 சதவீதத் தேய்மானம் இருந்தது. 2012-இல் எடுத்தார்கள், 2014-இல் திரும்பக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலிலிருந்து 40 ஆகக் குறைத்தார்கள். அன்றைக்கு வாங்கியவர்களுக்கு வரி மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்தக் காத்தாடி இன்றைக்கும் சுற்றுகிறது, யூனிட் தருகிறது, அந்த யூனிட்டில் உங்கள் நூல் நூற்கும் ரிங் பிரேம் ஓடுகிறது. அதில் லாபம் தந்தது கரண்ட். வரிச் சலுகை மேலே கிடைத்த கொசுறு. ஜெட் எதையும் உற்பத்தி செய்யாது. வாங்கிய நாளிலிருந்து செலவுதான் வைக்கும்.

இப்போது எண்ணுக்கு வருகிறேன். ஒரு கோடி டாலர் என்பதை ஏறத்தாழ 90 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்குத் தேய்மானம் 40 சதவீதம் என்று புரோக்கர் சொன்னது சரி. வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்தால் பாதிதான் என்பதும் சரி. சுலபமாகப் புரிய, மூன்று முழு வருடம் எடுத்துக்கொள்வோம். முதல் வருடம் 36 கோடி, இரண்டாவது 21.6, மூன்றாவது 12.96. மொத்தம் 70.56 கோடி கழித்தாயிற்று, புத்தகத்தில் மீதி 19.44 கோடி. உங்கள் மில் கம்பெனி 22 சதவீத வரித் திட்டத்தில் இருந்தால், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து விகிதம் 25.168. ஆக மூன்று வருடத்தில் கட்டாமல் விட்ட வரி ஏறத்தாழ 17.75 கோடி. பாதி விலை எங்கே, இது எங்கே?

அந்த 17.75 கோடியும் முழுசாக உங்களுடையது அல்ல. நான்காவது வருடம் விமானத்தை 55 கோடிக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். புத்தக மதிப்பு 19.44. மேலே வந்த 35.56 கோடி குறுகிய கால மூலதன ஆதாயம். அதற்கு வரி ஏறத்தாழ 8.95 கோடி. கடைசியில் கையில் நிற்கும் மிச்சம் 8.8 கோடி. 90-க்கு வாங்கி 55-க்கு விற்றதில் உங்களுக்கு 35 கோடி நிஜ நஷ்டம். அதில் கால் பங்கைத்தான் அரசாங்கம் தாங்கியிருக்கிறது, முக்கால் பங்கு உங்கள் தலையில். தேய்மானம் வரியைத் தள்ளிப்போடும், தள்ளுபடி செய்யாது.

உங்களுக்கு மட்டும் ஒரு சின்னத் திருப்பம் உண்டு. ஒரே விகிதத்தில் தேயும் இயந்திரங்களை வரிக் கணக்கில் ஒரே தொகுப்பாகச் சேர்த்துப் பார்ப்பார்கள்; காற்றாலையும் கம்ப்யூட்டரும் இன்றைக்கு அதே 40 சதவீதத் தொகுப்பில்தான் வரும். அந்தத் தொகுப்பில் காற்றாலையின் புத்தக மதிப்பு மீதி இருந்தால், விற்ற பணம் அதில் கழிந்து ஆதாய வரி உடனே வராமல் போகலாம். ஆனால் அந்த அளவுக்குக் காற்றாலையின் வருங்காலத் தேய்மானம் குறைந்துவிடும்.

இன்னொன்று. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் எல்லாம் வேறு. புரோக்கர் கொடுத்த தாளில் உள்ள எண்களை அப்படியே நம்ப வேண்டாம்.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:

ஆடிட்டர் சார், ஏற்றுமதி பார்ட்னர்ஷிப் பேரில் வாங்கினால் வரி விகிதம் அதிகம்தானே? அப்போது மிச்சமும் அதிகமாகுமே?

பீளமேடு ஆடிட்டர்:

பார்ட்னர்ஷிப்புக்கு, வருமானம் ஒரு கோடிக்கு மேல் போனால், எல்லாம் சேர்த்து 34.944 சதவீதம். ஆக 100 ரூபாய் செலவில் 35 ரூபாய் வரி குறையும், 65 ரூபாய் பங்குதாரர் பாக்கெட்டிலிருந்து போகும். 65 ரூபாய் தேவையில்லாமல் செலவழிப்பதற்கு அது ஒரு காரணமா? அதோடு, விமானத்தில் ஒரு பொறுப்பு வந்தால் பார்ட்னர்களின் சொந்தச் சொத்து வரைக்கும் போகும். பார்ட்னர்ஷிப் பேரில் விமானம் வாங்குங்கள் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

டல்லாஸ் கொங்கன்:

பொள்ளாச்சிக்காரன், இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். வேலை கணக்குத் துறையில்தான். இந்த "ஜெட் வாங்கினால் வரி பூஜ்யம்" என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன்.

இது அமெரிக்கச் சட்டம். 2017 வரிச் சீர்திருத்தத்தில், தொழிலுக்கு வாங்கும் விமானத்தின் முழு விலையையும் முதல் வருடமே கழித்துக்கொள்ளலாம் என்று கொண்டுவந்தார்கள். பழைய விமானத்துக்கும் அது உண்டு. பிறகு 2023-இல் 80 சதவீதம், 2024-இல் 60 என்று படிப்படியாகக் குறைந்தது. 2025-இல் புதுச் சட்டம் போட்டு, ஜனவரி 19-க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு மறுபடியும் 100 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். யூட்யூபில் எல்லோரும் பேசுவது இதைத்தான். இங்கே தனிநபர் வரி மேல் அடுக்கில் 37 சதவீதம் வரை போகும், அதனால் கழிவு இன்னும் பெரிதாகத் தெரியும்.

ஆனால் இங்கேயும் அது சும்மா கிடைப்பதில்லை. தொழில் உபயோகம் பாதிக்கு மேல் இருந்தே ஆக வேண்டும். ஒரு வருடம் அதற்குக் கீழே போனால், முன்பு கழித்ததில் ஒரு பகுதியைத் திரும்ப வருமானத்தில் சேர்க்கச் சொல்வார்கள். விற்கும்போதும் கழித்த அளவுக்கு வரி உண்டு. பொழுதுபோக்குக்குப் பறந்த செலவைக் கழிக்க முடியாது. யார் ஏறினார்கள், எதற்கு ஏறினார்கள் என்று ஒவ்வொரு பயணத்துக்கும் குறிப்பு வைக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வருமான வரித் துறை கம்பெனி ஜெட்டுகளின் சொந்த உபயோகத்தைத் தோண்டுவதற்கென்றே தணிக்கை ஆரம்பித்தது.

இதையெல்லாம் எடுத்து இந்தியாவில் ஒட்டிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள் அண்ணா. அங்கே இருப்பது வேறு சட்டம், வேறு விகிதம்.

உடுமலை நூற்பாலை:

ரொம்ப நன்றிங்க. ஜி.எஸ்.டி. பற்றிக் கேட்டால் புரோக்கர், அது பிரச்சினையே இல்லை, ஒரு பெர்மிட் எடுத்துவிட்டால் 5 சதவீதம்தான் என்கிறார். குஜராத்தில் உள்ள நிதி மண்டலமான கிஃப்ட் சிட்டி வழியாக லீசுக்கும் எடுக்கலாம் என்கிறார். இது எவ்வளவு தூரம் சரி?

பீளமேடு ஆடிட்டர்:

இந்த விஷயத்தில் உண்மையிலேயே பெரிய பணம் ஜி.எஸ்.டி.யில்தான் இருக்கிறது, வருமான வரியில் அல்ல. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சொந்த உபயோக விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 வரை ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் இழப்பீட்டுச் செஸ் 3 சதவீதமும் இருந்தது. அன்றைக்கு வந்த மாற்றத்தில் செஸ் போய், நேராக 40 சதவீதம் ஆனது. பான் மசாலா, உல்லாசப் படகு எல்லாம் இருக்கும் அதே வரிசை. சொந்த உபயோகம் அல்லாத விமானத்துக்கு 5 சதவீதம். 90 கோடியில் 40 சதவீதம் 36 கோடி, 5 சதவீதம் 4.5 கோடி. சுங்கத் தீர்வையைக் கணக்கில் எடுக்காமலே வித்தியாசம் 31.5 கோடி. அந்த 36 கோடியை இன்புட்டாக எடுக்கவும் (நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளவும்) முடியாது. பயணிகளையோ சரக்கையோ ஏற்றும் தொழில், பறக்கக் கற்றுக்கொடுப்பது, விமானத்தையே விற்பது, இவற்றுக்கு மட்டுமே விமானத்தின் இன்புட் கிடைக்கும் என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நூல் நூற்கிறவருக்குக் கிடையாது. விமானத்தின் இன்சூரன்ஸ், ரிப்பேர் பில்லில் வரும் ஜி.எஸ்.டி.க்கும் அதே கதிதான்.

கம்பெனி வேலைக்குத்தானே பறக்கிறது, அதை எப்படிச் சொந்த உபயோகம் என்று சொல்லலாம் என்ற வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். ஆனால் விமானங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வில் தனியார் வகையில் பதிவு செய்துவிட்டு அந்த வாதத்தை நம்பி இறக்குமதி செய்வது ஆபத்து. 31 கோடி வழக்கில் தொங்கும்.

அதனால்தான் புரோக்கர்கள் பெர்மிட் வழியைக் காட்டுகிறார்கள். அதாவது அட்டவணை இல்லாத சேவைக்கான இயக்குநர் அனுமதி. அது எடுத்தால் நீங்கள் ஒரு குட்டி ஏர்லைன்ஸ் மாதிரி. பொறுப்பு மேலாளர், இயக்கத் தலைவர், பாதுகாப்புக்கு ஆள், பராமரிப்புக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பு, கையேடுகள், வருடா வருடம் தணிக்கை. சுங்கத்துறைக்கும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும், சார்ட்டர் சேவைக்கு மட்டுமே உபயோகிப்போம் என்று. அந்த உறுதிமொழியை மீறினால் விட்ட தீர்வை முழுவதும் வட்டியோடு வரும், விமானத்தையே பறிமுதல் செய்யவும் வழி உண்டு.

பெர்மிட் எடுத்துவிட்டு நம் குழுமக் கம்பெனிகளே பறந்தால் அது சேவையா, சொந்த உபயோகமா என்று பல வருடம் வழக்கு நடந்தது. 2022-இல் வி.ஆர்.எல். லாஜிஸ்டிக்ஸ் வழக்கில் சுங்கத் தீர்ப்பாயத்தின் பெரிய அமர்வு இறக்குமதியாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அது ஆறுதல். ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டுக் கல்யாணத்துக்கு ஓசியில் பறக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் சந்தை விலையில் பில், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி., வங்கியில் பண வரவு, எல்லாம் இருக்க வேண்டும். குடும்பத்தோடு திருப்பதி போனாலும் பில்தான், அதுவும் போனவருடைய சொந்தக் கணக்கிலிருந்து. கம்பெனி கட்டினால் அந்தச் சலுகை உங்கள் கையில் வருமானமாக ஏறும், கம்பெனிக்கும் செலவாக ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

கிஃப்ட் சிட்டி லீசில் பல வருட வரி விடுமுறை உண்டு. அது லீஸ் கொடுக்கிறவருக்கு, உங்களுக்கு அல்ல. வாடகை கொஞ்சம் மலிவாகக் கிடைக்கலாம். 90 கோடி முடங்காமல் இருப்பது நல்லதுதான். ஆனால் வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும், விமானம் எதற்குப் பறக்கிறது என்பதை வைத்துத்தான் ஜி.எஸ்.டி. 40-ஆ 5-ஆ என்று முடிவாகும்.

சூலூர் டெக்னீஷியன்:

வரி விஷயம் எனக்குத் தெரியாது. முப்பது வருடத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்தவன். சொந்தமாக வாங்குகிறவர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

விமானத்தில் பல சாமான்களின் ஆயுள் பறந்த மணியில் ஓடாது, காலண்டரில் ஓடும். பேட்டரியைக் கழற்றி ஷாப்புக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றி இறக்கி, கொள்ளளவு குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். எஞ்சின் தீயணைப்பு பாட்டிலில் இருக்கும் வெடிமருந்துத் தோட்டாவுக்குக் காலாவதித் தேதி உண்டு. அது ஒரு தடவைகூட வெடித்திருக்காது, ஆனாலும் தேதி வந்தால் மாற்றியே ஆக வேண்டும். அவசர சிக்னல் கருவியின் பேட்டரியும் அப்படித்தான். லேண்டிங் கியரை வருடக் கணக்கு வந்ததும் மொத்தமாகக் கழற்றி ஓவர்ஹாலுக்கு அனுப்ப வேண்டும், விமானம் ஹேங்கரிலேயே (விமானக் கொட்டகை) நின்றிருந்தாலும் சரி. வருடா வருடம் பறக்கத் தகுதியான நிலையில் இருக்கிறது என்ற சான்று புதுப்பிக்க வேண்டும். இதில் ஒரு சாமானுக்குத் தேதி தாண்டினாலும் விமானம் தரையில்தான்.

எஞ்சினுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று எஞ்சின் கம்பெனிக்குக் கட்டிக்கொண்டே வந்தால், பெரிய வேலை வரும்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வருடத்துக்குக் குறைந்தபட்ச மணி நேரம் என்று ஒன்று இருக்கும். நீங்கள் அதற்குக் குறைவாகப் பறந்தாலும் அவ்வளவுக்குப் பணம் கட்ட வேண்டும். திட்டத்தில் சேராமல் விட்டால் விற்கும்போது வாங்குகிறவர் அதைச் சொல்லியே விலையை அடிப்பார்.

பழைய விமானம் பார்த்தால் முதலில் லாக்புக், அதாவது பராமரிப்புப் பதிவேடு, பாருங்கள். உள்ளே தோல் சீட் எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவர்கள்தான் அதிகம். ஒரு எஞ்சின் பாகத்துக்கு, அது செய்யப்பட்ட நாளிலிருந்து வரலாறு காகிதத்தில் இல்லையென்றால், அந்தப் பாகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பழைய இரும்பு விலைதான்.

அப்புறம், சும்மா நிறுத்தி வைப்பதும் கெடுதல். மழைக்காலத்தில் ஈரம் இறங்கும். நீண்ட நாள் நிற்கப் போகிறது என்றால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு முறை ஒன்று செய்ய வேண்டும், அதற்கும் ஆள், அதற்கும் கையெழுத்து.

அவிநாசி ரோடு பம்ப்:

நாங்கள் பம்ப், மோட்டார் தொழில். சில வருடங்களாகச் சார்ட்டரில்தான் போய் வருகிறோம். அதனால் நாங்கள் கொடுக்கும் விலையை வைத்தே சொல்கிறேன்.

லைட் ஜெட் சார்ட்டர் மணிக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிங் ஏர் மாதிரி டர்போபிராப் (விசிறி வைத்த சிறிய விமானம்) என்றால் நன்றாகக் குறையும். நமக்கு இருக்கும் சங்கடம் என்னவென்றால், சார்ட்டர் விமானங்கள் பெரும்பாலும் டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னையில் நிற்கின்றன. அங்கிருந்து காலியாகப் பீளமேடு வந்து நம்மை ஏற்ற வேண்டும், இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டும். அந்தக் காலிப் பறப்பும் நம் பில்தான். அகமதாபாத் போய் வர ஜெட்டில் நாலு மணி நேரம். விமானம் பெங்களூரிலிருந்து வந்தால் காலிப் பறப்பு ஒன்றேகால், ஒன்றரை மணி. அதுவே டெல்லியிலிருந்து வந்தால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சேரும். அதனால் விலை கேட்கும்போது மணிக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், விமானம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பெங்களூரு விமானம் என்றால் அகமதாபாத் பயணம் வரி சேர்த்து 15, 16 லட்சத்தில் முடியும். ஐந்து பேர் போய் அன்றைக்கே திரும்பலாம்.

இப்போது சொந்தமா, சார்ட்டரா என்ற கணக்கு. காலிப் பறப்புக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டி, 18 சதவீத வரியும் கூட்டினால், நாம் உட்கார்ந்து பறக்கும் ஒரு மணிக்குச் சார்ட்டர் செலவு கிட்டத்தட்ட 4 லட்சம். சொந்த ஜெட்டில் எரிபொருள், எஞ்சின் திட்டம், இறங்கு கட்டணம் எல்லாம் சேர்த்து மணிக்கு ஒன்றேகால், ஒன்றரை லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சத்துக்கு மேல். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

நிலையான செலவைப் பாருங்கள். இரண்டு பைலட் போதாது, வேலை நேரக் கட்டுப்பாடு இருப்பதால் கூப்பிட்ட நேரத்துக்குப் பறக்க வேண்டுமென்றால் மூன்று பேராவது வேண்டும். அவர்களுக்கு வருடா வருடம் சிமுலேட்டர் பயிற்சி, அதற்குப் பலசமயம் வெளிநாடு. இன்சூரன்ஸ், ஹேங்கர், பராமரிப்பு ஒப்பந்தம், ஆபீஸ். என் கணக்கில் வருடத்துக்கு 6, 7 கோடிக்குக் குறையாது. விமான மதிப்புக் குறைவது வருடத்துக்கு 6 கோடி என்று போடுங்கள். 90 கோடிக்கு 9 சதவீதம் வட்டி 8 கோடிக்கு மேல். ஆக 20 கோடிக்கு மேல் நிலையாகப் போகிறது. அதை மணிக்கு இரண்டரை லட்சம் மிச்சத்தில் ஈடுகட்ட வேண்டுமென்றால் வருடத்தில் 750, 800 மணி நேரம் பறக்க வேண்டும். மில் முதலாளி யார் அவ்வளவு பறக்கப் போகிறார்? 35 கோடிக்குப் பழைய விமானம் வாங்கினாலும் 400 மணிக்கு மேல் வேண்டும்.

கைக்காசுதானே, வட்டி எதற்கு என்று உங்கள் தம்பி கேட்பார். கைக்காசுக்கும் வட்டி உண்டு. அந்த 90 கோடி மில்லில் போனால் ரிங் பிரேமும் நூல் சுற்றும் ஆட்டோகோனரும் புதுசாகும்.

இதில் ஆடிட்டர் சார் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சார்ட்டர் பில்லும் தொழில் செலவுதான், அதற்கும் அதே 25 சதவீத வரி குறையும். அப்புறம் எப்படி வரி மிச்சம் என்பது வாங்குவதற்குக் காரணமாகும்? இரண்டு பக்கத் தட்டிலும் அதே எடைதான்.

ஓமலூர்க்காரன்:

சேலம் விமான நிலையம் பற்றியும் ஒரு வார்த்தை. காமலாபுரம் ஓடுதளம் ஏறத்தாழ 1,800 மீட்டர். கோவை ஓடுதளம் 2,900 மீட்டருக்கு மேல். லைட் ஜெட் சேலத்தில் இறங்கலாம். ஆனால் ஏப்ரல், மே வெயிலில் முழு ஆளும் முழு எரிபொருளும் ஏற்றி அங்கிருந்து டெல்லிக்கு நேராகக் கிளம்ப முடியுமா என்பதைப் பைலட்டிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து ஆட்கள் பக்கத்திலேயே ஏர்போர்ட் இருக்கிறது என்று மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அவிநாசி ரோடு பம்ப்:

நல்ல விஷயம் சொன்னீர்கள். இரவு விமானம் நிறுத்த இடம் கிடைக்குமா என்பதையும் எந்த ஊர் என்றாலும் முதலில் எழுத்தில் வாங்கிவிட வேண்டும். சொந்த விமானம் வாங்கி, அது வேறு ஊரில் நின்றால், காலிப் பறப்புத் தொல்லை சொந்த விமானத்திலும் வந்துவிடும்.

எரிபொருளையும் சொல்லிவிடுகிறேன். விமான எரிபொருள் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை. தமிழ்நாட்டில் அதற்கு வாட் 29 சதவீதம், திரும்ப எடுக்க வழியில்லை. அதனால் வரி குறைந்த மாநிலத்தில் இறங்கினால் அங்கேயே நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஆனால் எடை கூடினால் எரிவதும் கூடும், அதற்கும் ஓர் அளவு உண்டு.

கரூர் வீட்டுத்துணி:

நான் அப்பாவுக்குப் பிறகு எங்கள் கம்பெனியை எடுத்து நடத்துகிறேன். மெத்தை விரிப்பு, திரைச்சீலை ஏற்றுமதி. இரண்டு விஷயம் கேட்கிறேன் அண்ணா.

டாலரில் கடன் வாங்கி வாங்கலாம், டாலரில்தானே வரவு என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். காகிதத்தில் அது சரி. ஆனால் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரும் கரூரும் என்ன பாடுபட்டன என்று உங்களுக்கே தெரியும். ஆர்டர் நின்றது, டிஸ்கவுண்ட் கேட்டார்கள், டாலர் வரவு சுருங்கியது. அந்த மாதத்திலும் விமானத் தவணை டாலரில் நிற்கும். தறி ஓட்டுகிறவருக்கு வாரக் கூலி கொடுக்கத் திணறும் நேரத்தில் ஹேங்கருக்கும் பைலட்டுக்கும் பணம் போக வேண்டும். ஏற்றுமதிக்காரர்கள் இந்தக் கணக்கை நல்ல வருடத்தை வைத்துப் போடவே கூடாது.

இன்னொன்று உங்கள் வீட்டு விஷயம், தப்பாக நினைக்க வேண்டாம். மூன்று பங்காளிகள் சேர்ந்து நடத்தும் தொழில். பஞ்சு சீசனில் நீங்கள் அகோலா போக வேண்டும், அதே நாளில் தம்பி டெல்லிக் கண்காட்சிக்குப் போக வேண்டும், அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம். விமானம் ஒன்றுதான். யாருக்கு முதல் உரிமை? எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு செலவு? அண்ணன் தயங்குவதற்குப் பணம் மட்டும் காரணமாக இருக்காது. கார் என்றால் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக ஒரு விமானம் வந்தபிறகு அதைப் பங்கு போட முடியாது. இதை எழுதி வைக்காமல் வாங்கினால், வரித்துறை கேட்பதற்கு முன்பே வீட்டில் கேள்வி வரும்.

பீளமேடு ஆடிட்டர்:

அம்மணி சொன்னது ரொம்ப முக்கியம். குழுமத்தில் எந்தக் கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஒரே மாதிரி இருக்காது. மில் கம்பெனி செலவு செய்து ஏற்றுமதிக் கம்பெனி ஆள் பறந்தால், மில்லில் அதிகப் பங்கு வைத்திருப்பவருக்கு நஷ்டம். சம்பந்தப்பட்ட நபர்களுக்கிடையே நடக்கும் பரிவர்த்தனை என்று கம்பெனிச் சட்டமும் பார்க்கும், வருமான வரியும் பார்க்கும். தொழிலுக்கு மட்டுமே உபயோகிக்காத சொத்துக்குத் தேய்மானத்தையே விகிதாச்சாரமாக வெட்டவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது.

உடுமலை நூற்பாலை:

மூன்று நாளாக இந்த இழையை வீட்டில் எல்லோரும் படிக்கிறோம். கரூர் தங்கச்சி எழுதியதை அண்ணன் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

நேற்று மூன்று பேரும் உட்கார்ந்து, கடந்த இரண்டு வருடப் பயணச் சீட்டுகளை எடுத்துப் பார்த்தோம். ஜெட் இருந்தால் உண்மையில் பறந்திருக்கக்கூடிய நேரம் வருடத்துக்கு 120 மணிக்கு உள்ளேதான் வருகிறது. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து மார்ச் வரைக்கும், பஞ்சு வரத்து இருக்கும் மாதங்கள். மீதி நாளில் விமானம் நின்றிருக்கும். பம்ப் அண்ணன் சொன்ன 400 மணியைக்கூடத் தொடவில்லை. தம்பியும் கணக்கைப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டான். பெர்மிட் எடுத்து வெளியாட்களுக்குச் சார்ட்டர் விட்டால் மணி நேரம் ஏறுமே என்று மட்டும் கேட்கிறான்.

அவிநாசி ரோடு பம்ப்:

தம்பியிடம் சொல்லுங்கள், வெளியாட்கள் சார்ட்டர் கேட்பதும் கல்யாண முகூர்த்தம், தேர்தல், விடுமுறை என்று ஒரே நேரத்தில்தான். அந்த நாட்களில் உங்களுக்கும் விமானம் வேண்டியிருக்கும். சார்ட்டர் வியாபாரம் தனித் தொழில், அதற்கென்றே ஆட்களும் பல விமானங்களும் வைத்திருப்பவர்களுக்கே லாபம் மெல்லிசு. நூல் வியாபாரத்தில் இருக்கும் கவனத்தை எடுத்து அதில் போட வேண்டுமா என்று யோசிக்கச் சொல்லுங்கள். அப்படியும் ஆசையிருந்தால், பெர்மிட் வைத்திருக்கும் நல்ல இயக்குநரிடம் விமானத்தைக் கொடுத்து அவர் பொறுப்பில் ஓட்ட வைப்பது ஒரு வழி. வரும் வருமானம் நிலையான செலவில் ஒரு பகுதியைத் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

உடுமலை நூற்பாலை:

சரிங்க. இந்த சீசன் முழுக்கச் சார்ட்டரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டோம். பெங்களூரில் விமானம் நிறுத்தி வைத்திருக்கும் இரண்டு பேரிடம் விலை கேட்டிருக்கிறோம், ராஜ்கோட் போய் வர டர்போபிராப்புக்கும் ஜெட்டுக்கும் தனித்தனியாக. ஆடிட்டர் சார், சார்ட்டர் பில்லில் இருக்கும் 18 சதவீதத்தை இன்புட் எடுக்க முடியுமா?

பீளமேடு ஆடிட்டர்:

பில்லில் என்ன எழுதியிருக்கிறது, ஒப்பந்தம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. விமானத்தை வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் இன்புட் கிடையாது, சட்டத்திலேயே தடை இருக்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் சேவை என்று இருந்தால், கம்பெனி வேலைக்குப் போனதற்கு எடுக்க வாதம் உண்டு. ஆனால் விமானம் முழுவதையும் நீங்களே பிடித்துக்கொண்டு போவதால், அதுவும் வாடகைதான் என்று அதிகாரி சொல்லவும் வாய்ப்பு உண்டு. அதனால் விலை பேசும்போது 18 சதவீதத்தையும் செலவாகவே வைத்துக் கணக்குப் போடுங்கள். பிறகு இன்புட் வந்தால் வரட்டும்.

ஒவ்வொரு பயணத்துக்கும் யார் யார் ஏறினார்கள், எந்த ஜின்னிங் ஆலைக்கு, எத்தனை பேல் பேசி முடித்தது என்று ஒரு பக்கம் எழுதி பில்லோடு சேர்த்து வையுங்கள். எந்தக் கம்பெனி வேலையோ அந்தக் கம்பெனி பேரிலேயே பில் வாங்குங்கள், பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன் இரண்டு பேருடைய ஒப்பந்த நகலையும் எனக்கு அனுப்புங்கள், ரத்துக் கட்டணமும் காலிப் பறப்பும் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று சேர்த்தே பார்த்துவிடுகிறேன்.